பப் பரிசோதனையும் பாலியல் தொற்றுப் பரிசோதனையும்: எது எதைக் காட்டும், எப்போது காட்டும்?

“போன வருசம் பப் ரெஸ்ற் செய்தனான். ஒண்டும் இல்லையெண்டுதான் வந்தது. அப்ப எனக்குப் பாலியல் நோய் ஒண்டும் இல்லைத்தானே?” யாழ்ப்பாணத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உண்டு. “பப் எண்டால் அந்த மாதிரி வருத்தம் பாக்கிறதுதானே? நானும் இவரும் ஒழுங்கான ஆக்கள். எனக்கேன் அது?”

இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. முதலாமவர் ஆதாரமில்லாத நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறார். இரண்டாமவர் கிளினிக் பக்கமே வராமல் இருந்துவிடுகிறார். எனக்கு இரண்டாமவரை நினைத்துத்தான் கூடுதல் கவலை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடித்து நிறுத்திவிடக்கூடிய மிகச் சில புற்றுநோய்களில் ஒன்று. அப்படி நிறுத்தக்கூடிய ஒன்றுக்கு, வெட்கத்தின் பெயரால் ஒரு பெண் ஆளாவது மிகவும் கொடுமை.

பப் பரிசோதனை என்ன பார்க்கிறது?

கருப்பையின் கீழ்முனை ஒடுங்கி யோனிக்குள் வந்து முடியும் இடம் கருப்பைக் கழுத்து. அந்த இடத்தின் மேற்பரப்பிலிருந்து சில கலங்களைச் சிறிய தூரிகையாலோ மரத்துண்டாலோ வழித்தெடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கலங்களின் வடிவம் மாறியிருக்கிறதா, அவற்றின் கரு பெருத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஜோர்ஜ் பப்பனிக்கொலாவ் என்ற மருத்துவரின் பெயரைச் சுருக்கித்தான் ‘பப்’ என்கிறோம்.

அதாவது பப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா எதையும் அது சொல்லாது. சில வேளைகளில் ட்ரைகொமோனஸ் என்ற ஒட்டுண்ணியோ பங்கசுத் தொற்றோ கண்ணில் பட்டால் றிப்போர்ட்டில் எழுதுவார்கள். அது தற்செயலாகக் கண்டது. கண்ணில் படவில்லை என்பதற்காக அந்தத் தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் பாலியல் தொற்றோடு இதற்கு என்ன தொடர்பு? தொடர்பு எச்.பி.வி. என்ற வைரசு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வைரசு இருக்கிறது. இதன் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே இந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 வீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்.பி.வி. உடலுறவால் பரவுகிறது, உண்மைதான். ஆனால் உடலுறவு கொண்ட ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகிறது. தோலோடு தோல் படுவதாலேயே பரவுவதால் ஆணுறைகூட முழுப் பாதுகாப்புத் தராது, ஓரளவு குறைக்கும். ஒரேயொரு ஆணோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். வந்த தொற்றில் பத்தில் ஒன்பது, ஓரிரு வருடங்களில் உடலின் எதிர்ப்புச் சக்தியாலேயே இல்லாமல் போய்விடும். மீதி ஒன்று போகாமல் தங்கி, கலங்களை மெல்ல மெல்ல மாற்றக்கூடும். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணில் அந்த மாற்றம் புற்றுநோயாக முடிய 15 முதல் 20 வருடங்கள்வரை எடுக்கும்.

இந்த நீண்ட காலம் நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அந்த வருடங்களுக்குள் ஏதோ ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் மாற்றத்தைப் பிடித்துவிடலாம். பிடித்தால், மாறிய பகுதியை உறைய வைத்தோ வெப்பத்தால் சுட்டோ மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டியெடுத்தோ அகற்றிவிடுவார்கள். பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டி வராது.

“அவர் செத்துப் பத்து வருசமாச்சு, எனக்கேன்?”

இந்த மண்ணில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். போரில் கணவரை இழந்த பெண்கள், கணவர் வெளிநாடு போய்த் திரும்பாத பெண்கள், பிரிந்து வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். “இப்ப எனக்கு அந்த வாழ்க்கையே இல்லை, பிறகேன் இந்தப் பரிசோதனை?” என்று அவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். 2005இல் உடலில் வந்து தங்கிய வைரசு 2020க்குப் பின்னர்தான் தன் வேலையைக் காட்டக்கூடும். கணவர் இல்லாமல் போன அன்றோடு அந்த ஆபத்து முடிவதில்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது உடலுறவு கொண்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை பொருந்தும். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்பது இங்கே கணக்கில்லை.

இதே கணக்கு இன்னொரு வீட்டுச் சண்டையையும் தீர்க்கும். எச்.பி.வி. பொசிட்டிவ் என்று வந்தவுடன் “ஆரிட்டையிருந்து வந்தது? எப்ப வந்தது?” என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை திகதி சொல்லாது, ஆளையும் சொல்லாது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய தொற்றாக இருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், இருவரில் எவரிடமிருந்தும் வந்திருக்கலாம். அந்தத் தாளை வைத்து ஒரு பெண்ணையோ ஆணையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

கர்ப்பப்பையை எடுத்தவர்களும் ஒரு விடயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கழுத்துப் பகுதியையும் சேர்த்து எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா? கழுத்து இருந்தால் பரிசோதனையும் தேவை. சத்திரசிகிச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு போனால் பார்த்துச் சொல்வார்கள்.

எங்கே, எத்தனை வயதில்?

இலங்கையில் 1996இல் வெல் வுமன் கிளினிக் என்ற திட்டம் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், ஊர்களிலுள்ள நிலையங்களில் இது இலவசமாக நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். அந்த இரண்டு வயதும் தாண்டிவிட்டதே என்று பேசாமல் இருக்க வேண்டாம், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாவற்றையும் அங்கே சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டாருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் “பிரஷர் பாக்கப் போறன்” என்று சொன்னாலும் அது பொய்யில்லை.

போகும் நாளில் மாதவிடாய் இல்லாமல் இருக்க வேண்டும். முந்தைய இரண்டு நாளும் உடலுறவு, உள்ளே வைக்கும் மருந்து, உள்ளே கழுவுதல் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து விரிக்கும்போது அந்தரமாக இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் நோகும். நோகுது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிறிய அளவுக் கருவி இருக்கிறதா என்றும் கேட்கலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனி உலர்ந்திருப்பதால் கூடுதலாக நோகக்கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் இப்போது கலங்களைப் பார்ப்பதற்கு முதல், எச்.பி.வி. வைரசின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பதையே விரும்புகிறது. ஒரு தடவை எடுத்த பப் பரிசோதனை சில மாற்றங்களைத் தவறவிடக்கூடும், வைரசுப் பரிசோதனை தவறவிடுவது குறைவு. அது நெகட்டிவ் என்று வந்தால் பொதுவாக ஐந்து முதல் பத்து வருடங்களுக்குப் பிறகு மறுபடி செய்தால் போதும் என்பது அந்த நிறுவனத்தின் வழிகாட்டல். எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கதை வேறு. அவர்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு அதிகம், அதனால் 25 வயதிலிருந்தே, குறைந்த இடைவெளியில் செய்யச் சொல்கிறார்கள்.

6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் அரசின் திட்டத்தில் சேர்ந்தது. அந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் 35 வயதை எட்ட இன்னும் வருடங்கள் கிடக்கின்றன. ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனெனில் ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை.

இனி, கிருமியைத் தேடும் பரிசோதனைகள்

இங்கே கேள்வியே வேறு. “என் உடலில் இப்போது ஒரு தொற்று இருக்கிறதா?” என்பதற்குப் பதில் தேட, தொற்றுக்கு ஏற்றபடி சிறுநீர், யோனித் திரவம், புண்ணிலிருந்து எடுத்த மாதிரி, இரத்தம் என்று வேறு வேறு மாதிரிகள் வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் காலம். தொற்று ஏற்பட்ட அன்றே எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் போட்ட மூன்றாம் நாள் கிண்டிப் பார்த்தால் கிழங்கு இருக்காது. அதற்காகக் கொட்டை முளைக்கவில்லை என்று முடிவு கட்டமாட்டோம். கிருமி பெருகி, அல்லது அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் உருவாகி, பரிசோதனையில் பிடிபடும் அளவுக்கு வரும்வரை உள்ள இடைவெளியை யன்னல் காலம் என்கிறார்கள். அதற்குள் செய்து “நெகட்டிவ்” என்று வந்தால் அது முடிந்த முடிவு இல்லை.

கிளமிடியாவும் கொனோரியாவும் பற்றீரியாத் தொற்றுகள். மரபணுவைத் தேடும் பரிசோதனையில் சுமார் இரண்டு வாரத்தில் நம்பிக்கையாகப் பிடிபடும். கொனோரியா வந்த ஆண்களுக்குச் சில நாட்களிலேயே சலத்தோடு எரிவும் சீழும் வந்துவிடும், அதனால் ஓடி வருவார்கள். பெண்களில் பலருக்கு இரண்டிலுமே எந்த அறிகுறியும் இருக்காது. அப்படி மறைந்து கிடக்கும் தொற்று மேலே ஏறிப் பலோப்பியன் குழாய்களைப் பாதித்தால், பின்னர் பிள்ளை தங்காமல் போகலாம், கரு குழாயிலேயே தங்கியும் விடலாம். வருடக்கணக்கில் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறியிறங்கும் பெண்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும். அந்தக் காரணத்தைத் தேடும்போது கணவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சிபிலிசில் முதலில் ஒரு புண் வரும். தொற்றி மூன்று வாரமளவில் வருவது வழக்கம், பத்து நாளிலும் வரலாம், மூன்று மாதமும் எடுக்கலாம். அந்தப் புண் நோகாது, பெண்களில் உள்ளே மறைந்தும் இருக்கும், மருந்தில்லாமலே ஆறிவிடும். ஆறியதும் போய்விட்டது என்று நினைப்பார்கள். கிருமி போகாது. இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ் ஆகச் சில வாரங்கள் எடுக்கும், ஆகவே மூன்று மாதம் முடிந்து செய்த பரிசோதனையும் நெகட்டிவ் என்றால்தான் அந்தச் சந்தேகத்தை முழுதாக விடலாம். பெனிசிலின் ஊசியால் இது குணமாகும்.

எச்.ஐ.வி.யில் எந்த வகைப் பரிசோதனை என்பதைப் பொறுத்து நாள் மாறும். வைரசின் புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகூட இரத்தப் பரிசோதனையில் 45 நாட்கள். பிறபொருளெதிரியை மட்டும் பார்க்கும் உடனடிப் பரிசோதனை என்றால் 90 நாட்கள். ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி பெரும்பாலும் ஒரு மாதமளவில் இரத்தத்தில் தெரியத் தொடங்கும், உறுதியாகச் சொல்ல மூன்று மாதமாவது வேண்டும். பிறப்புறுப்பில் கொப்புளமாக வரும் ஹேர்பீசுக்கு இரத்தத்தைவிடக் கொப்புளத்திலிருந்து எடுக்கும் மாதிரியே மேல். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே போக வேண்டும், காயும்வரை பொறுத்தால் கிருமியைப் பிடிப்பது கஷ்டம்.

எச்.பி.வி.யை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். “போன மாதம் ஏதும் தொற்றியிருக்குமோ” என்ற பயத்துக்கு எச்.பி.வி. பரிசோதனை செய்வதில் பலனில்லை. தானாகப் போகப்போகும் தொற்றைப் பார்த்துவிட்டு வீணாகப் பயப்படுவதுதான் மிச்சம்.

யன்னல் காலம் முடியட்டும் என்று வீட்டில் இருந்து நாளை எண்ண வேண்டாம். பயம் வந்ததும் போங்கள். முதலில் ஒரு தடவை பார்த்து, பிறகு உரிய நாளில் மறுபடி பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்க முடியும். எவ்வளவு முந்திப் போகிறோமோ அவ்வளவுக்கு அது வேலை செய்யும். பலவந்தத்துக்கு ஆளான பெண்ணுக்கு இது மிக மிக முக்கியம். அவர் எதையும் நிரூபித்துவிட்டுப் போகத் தேவையில்லை, நேரே வைத்தியசாலைக்குப் போகலாம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு அரச வைத்தியசாலைகளில் இயங்குகிறது.

பாமசியில் பேர் சொல்லாமல் இரண்டு நாள் அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அரைகுறையாகப் போட்ட மருந்து கிருமியைக் கொல்லாது, ஆனால் பரிசோதனையில் ஒளித்துவிடும். கொனோரியாக் கிருமி ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்விட்டது. மருந்து போட்டிருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை என்றால் இருவருக்கும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். மனைவி மட்டும் மருந்து போட்டால், மறுபடி கணவரிடமிருந்து தொற்றும்.

யாழ் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வைத்தியரின் கடிதம் வேண்டாம். சேவை இலவசம், விபரங்களை வெளியே சொல்லமாட்டார்கள். வாசலில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களே என்ற பயம் சின்ன ஊரில் பொய்யான பயம் இல்லை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இப்போது இந்த நாட்டில் கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போகும் தாய்மாருக்கெல்லாம் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அண்மைக் காலத்தில் பிள்ளை பெற்ற அம்மாக்கள் ஏறக்குறைய எல்லோரும் பாலியல் தொற்றுப் பரிசோதனை செய்தவர்கள்தான். அவர்களில் எவரையும் ஊர் குறைவாக நினைக்கவில்லை.

பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

அறிகுறி இல்லாதவர்களுக்காகத்தான் பப் பரிசோதனை. உடலுறவுக்குப் பிறகு இரத்தம் கண்டால், இரண்டு மாதவிடாய்க்கு இடையில் கண்டால், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டுக் கண்டாலும், 35ஆ 45ஆ என்று வயது பார்க்க வேண்டாம். கடைசிப் பப் சுகமாக வந்திருந்தாலும் பெண்ணோயியல் வைத்தியரிடம் காட்டுங்கள். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வர வேண்டிய ஒரு அம்மா “அடுத்த மாதம் பாப்பம்” என்று தள்ளிப்போடுவது எனக்கு விளங்குகிறது. இந்த அறிகுறிக்கு மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளைபடுதல் எல்லாம் பாலியல் நோயும் இல்லை, புற்றுநோயும் இல்லை. கடியோடு தயிர் மாதிரிப் படுவது பெரும்பாலும் பங்கசு, அது உடலுறவே இல்லாதவருக்கும் வரும். நாற்றமோ இரத்தமோ கலந்திருந்தால் காட்ட வேண்டும்.

றிப்போர்ட் வந்த பிறகு

பப் றிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகலாம். எப்போது, யாரிடம் வாங்குவது என்று அன்றே கேட்டுக்கொண்டு வாருங்கள். தகவல் வரவில்லை என்றால் சுகம் என்று எடுக்காமல் போய்க் கேட்க வேண்டும். ‘மாதிரி போதாது’ என்று எழுதியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ‘அழற்சி’ என்றால் புற்றுநோய் இல்லை. ‘கலங்களில் மாற்றம்’ என்று இருந்தால் கொல்பொஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைக் கழுத்தை நேரே பார்த்து, தேவையென்றால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். இலேசான மாற்றங்கள் பல தாமாகவே சரியாகிவிடும், அதனால் சிலரைக் கண்காணிப்பில் மட்டும் வைப்பார்கள். அந்தத் தவணையை விடக் கூடாது. புற்றுநோயே என்று உறுதியானால் சிகிச்சைக்கு மகரகம வரை போகத்தான் வேண்டும் என்ற காலம் மாறி, இப்போது தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

இலண்டனில் இருக்கும் மச்சாள் “நாங்கள் இஞ்ச 25 வயசிலேயே தொடங்கிட்டம், உங்களுக்கு ஏன் 35?” என்று கேட்டால் குழம்ப வேண்டாம். பிரித்தானியாவில் 25 முதல் 64 வயதுவரை அழைக்கிறார்கள், அங்கே முதலில் எச்.பி.வி.யைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன்னிடமுள்ள பரிசோதனைக்கும் வசதிக்கும் ஏற்ப வயதையும் இடைவெளியையும் வைக்கிறது. கல்யாணம் முடித்தோ பிள்ளைகளோடோ வெளிநாடு போகிறவர்கள், இங்கே செய்த பப் றிப்போர்ட்டையும் எச்.பி.வி. ஊசி போட்ட அட்டையையும் கடவுச்சீட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள். அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது செய்தீர்கள், என்ன முடிவு வந்தது என்பதைத்தான்.